படகுத் தளமும் அம்மி கொத்துகிறவரும்

நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஒரு குரல் கேட்கும். "அம்மி கொத்தலையோ, ஆட்டுரல் கொத்தலையோ!" அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். உளியும் சுத்தியலுமாக வரும் அந்த மனிதர் வாசலில் குந்தி உட்கார்ந்து, தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கும் அம்மியைப் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டுப் போவார். "நல்லா வழவழன்னுதானே இருக்கு, எதுக்கும்மா காசு குடுத்துக் கெடுக்க?" என்று ஒருநாள் கேட்டேன். "வழவழன்னு இருந்தா மிளகா வழுக்கிக்கிட்டு ஓடும்லா, எப்படி அரையும்?" என்றாள். சொரசொரப்புக்கும் காசு கொடுக்க வேண்டும், அதுவும் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு அன்று புரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் கழித்து, கோவாவில், ஒரு படகுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் புரிந்தது.

வங்கிக்காரனுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கோவாவுக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. எங்கள் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளித் தூத்துக்குடிக்காரர் ஒருவர் இருக்கிறார். கப்பலில் சீஃப் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் வழக்கப்படி எனக்கு அவர் அண்ணாச்சி. அவருக்கு நான் 'மேனேஜர் தம்பி'. வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க் கூரை போட்டு, மூன்று வருஷமாகப் பதினெட்டடி நீளத்தில் ஒரு பாய்மரப் படகு கட்டிக்கொண்டிருக்கிறார். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட், எபாக்சி, கண்ணாடி இழைத்துணி. மதினி அதற்கு 'நோவா பேழை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "மழை வந்தாலும் வரும், இவுக பேழை முடியாது" என்பார்கள்.

சில மாதங்களுக்கு முன்னால் அண்ணாச்சி தன் செலவு நோட்டை என்னிடம் கொடுத்தார். "தம்பி, கணக்குப் படிச்சவுக நீங்க. எங்க கைய மீறிப் போகுதுன்னு பாத்துச் சொல்லுங்க." பார்த்தேன். பிளைவுட், எபாக்சி, பாய், கம்பம், கயிறு என்று வரிசையாக வந்து, கடைசி வரியில் 'தளத்துக்கு வழுக்காத பூச்சு' என்று எழுதி, பக்கத்திலேயே 'பணம் மிச்சமிருந்தால்' என்று போட்டிருந்தார். நான் சிவப்பு மையால் அந்த வரியை வட்டமிட்டு, அம்பு போட்டு, பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோனேன்.

அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீச்சல்கூட ஒழுங்காகத் தெரியாத பி.காம். பட்டதாரி, நாற்பது வருஷம் கடலில் இருந்தவருக்குப் படகைப் பற்றிச் சொல்வதா? நியாயம்தான். ஆனால் இந்த ஒரு வரியைப் பற்றி எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்றிலிருந்து அவர் அனுபவத்தையும் நான் புத்தகங்களையும் துழாவினோம். கப்பல் தளத்துக்குப் பிடிமானம் வந்த கதை எனக்குச் சுவாரசியமாக இருந்தது. உங்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன்.

*

ஆரம்பத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. வெறும் மரம், வெறுங்கால், அவ்வளவுதான். அண்ணாச்சி சின்ன வயதில் தூத்துக்குடித் தோணிகளில் ஏறி விளையாடியவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன அந்தத் தோணிகளில் ஆட்கள் பலகைமேல் வெறுங்காலோடுதான் ஓடுவார்கள். "ஒருத்தனும் செருப்புப் போட மாட்டான். கால் விரலே கொக்கி மாதிரில்லா" என்பார்.

பூசாத மரம் ஏன் வழுக்குவதில்லை? நாம் வழுக்கி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் தரையைவிட, தரைக்கும் காலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற மெல்லிய தண்ணீர்ப் படலம்தான். வழவழப்பான தரையில் அந்தப் படலம் போக வழியில்லாமல் நிற்கும்; கால் அதன்மேல் சறுக்கும். மழையில் தேய்ந்த டயர் சறுக்குவதும் இதனால்தான். பூசாத மரத்தில் நார்களுக்கு நடுவே நுண்ணிய பள்ளங்கள் இருக்கின்றன. நடக்க நடக்க மெதுவான பகுதி தேய்ந்து, கெட்டியான ரேகை மேலே நிற்கும். தண்ணீர் பள்ளத்தில் இறங்க, கால் மேட்டைப் பிடித்துக்கொள்ளும். கொத்திய அம்மியும் இதே மாதிரிதான்.

இதில் தேக்குக்குத் தனி இடம். அதன் எண்ணெய்ச் சத்தால் வெயிலையும் உப்புத் தண்ணீரையும் பூச்சு இல்லாமலே தாங்கும். பூசத் தேவையில்லாத மரம் என்றால் பிடிமானம் போகாத மரம் என்று அர்த்தம். இந்தத் தேக்கை வைத்துத்தான் பம்பாய் கப்பல் கட்டும் தளம் உலகப் பெயர் வாங்கியது. 1736-ல் சூரத்திலிருந்து பம்பாய் வந்த லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா என்ற பார்சித் தச்சரும் அவர் வம்சத்தாரும் பிரிட்டிஷ் கடற்படைக்கே போர்க்கப்பல் கட்டிக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று 1817-ல் வெள்ளோட்டம் விட்ட 'டிரிங்கோமாலி'. ஆமாம், நம் திருகோணமலையின் பெயர்தான். மலபார்த் தேக்கில் செய்த அந்தக் கப்பல் இருநூறு வருஷம் தாண்டி இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது.

மரத்தளத்தைச் சும்மா விட்டாலும் சிக்கல் இருக்கிறது. பாசி பிடிக்கும், எண்ணெய் சிந்தும், ஆயிரம் கால்கள் மெருகேற்றும். எங்கள் ஊர் ஆற்றுப் படித்துறையில் விழுந்து எழுந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். அதனால் கடற்படைகளில் ஒரு வழக்கம் வந்தது. தளத்தில் மணலும் தண்ணீரும் போட்டு, மாலுமிகளை வரிசையாக முட்டி போட வைத்து, மணற்கல் துண்டால் தேய்க்கச் சொல்வார்கள். முட்டி போட்டுச் செய்கிற வேலை என்பதால் மாலுமிகள் பெரிய கல்லை 'பைபிள்' என்றும், மூலைமுடுக்கில் தேய்க்கிற சின்னக் கல்லை 'ஜெபப் புத்தகம்' என்றும் கிண்டலாகக் கூப்பிட்டார்கள். தளம் வெள்ளை வெளேரென்று ஆகும் என்பது ஒரு பக்கம். அழுக்கும் மெருகும் போய் மரம் புதிதாக வாய் திறக்கும் என்பது இன்னொரு பக்கம்.

சண்டைக்கு முன்னால் வேறு ஒரு காரியம் செய்வார்கள். தளத்தை நனைத்து மணல் தூவுவார்கள். எதற்கு? சிந்தப் போகிற ரத்தத்தில் பீரங்கிக்காரன் கால் வழுக்கக் கூடாது என்பதற்கு. படித்தபோது ஒரு நிமிஷம் புத்தகத்தை மூடி வைத்தேன். யார் சாவார்கள் என்று தெரியாது. ஆனால் யாராவது சாவார்கள், அப்போது மற்றவன் விழக்கூடாது என்று முன்கூட்டியே ஒதுக்கீடு. எங்கள் வங்கிகளில் வாராக்கடனுக்கு ஒதுக்கீடு செய்வது ஞாபகம் வந்தது.

கல்லால் தேய்ப்பதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு தடவையும் பலகையில் கொஞ்சம் போய்விடும். 1931-ல் அமெரிக்கக் கடற்படை, இந்தக் கல் தளத்தை வேகமாகத் தேய்க்கிறது, மாற்றுப் பலகைக்கு நிதி போதவில்லை என்று சொல்லி, கறை எடுப்பதற்கு மட்டும் கல்லைப் பயன்படுத்தினால் போதும் என்று உத்தரவே போட்டது. எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் தணிக்கை அதிகாரி ஒருவர் இருந்திருக்கிறார் பாருங்கள்!

*

பெரிய கப்பலுக்குத் தேக்கு சரி. சின்னப் படகுக்காரன் என்ன செய்வான்? அவனுக்குத் தேக்கு விலை கட்டாது, கனமும் தாங்காது. சாதாரணப் பலகை அடித்தால் இடுக்கில் தண்ணீர் ஒழுகும். அதற்கு ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். பலகைமேல் கெட்டியாகப் பெயின்ட் பூசி, ஈரம் காய்வதற்குள் கித்தான் துணியை இழுத்து ஒட்டி, அதன்மேல் மறுபடி பெயின்ட் அடிப்பது. ஒழுக்கும் நின்றது, கித்தானின் நெசவே மேடும் பள்ளமுமாகக் காலுக்குப் பிடிமானமும் கொடுத்தது.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வருஷா வருஷம் ஒரு கோட் அடிப்பார்கள். ஐந்தாறு கோட்டில் நெசவுப் பள்ளமெல்லாம் நிரம்பிவிடும். அக்கறையாகப் பராமரித்த படகுதான் அதிகம் வழுக்கும்! அதைச் சரிசெய்யத்தான் ஈரப் பெயின்ட்மேல் மணல் தூவுகிற பழக்கம் வந்தது. முதல் கோட், அது காய்வதற்குள் சலித்த மணல், காய்ந்ததும் ஒட்டாததைப் பெருக்கித் தள்ளி மேலே இன்னொரு கோட். இன்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கிற பூச்சுகள் எல்லாம் இந்த மணல் பெயின்ட்டின் பேரப்பிள்ளைகள்தான்.

1935-ல் அமெரிக்காவில் பால் ஸ்பெர்ரி என்பவர் வேறு பக்கத்திலிருந்து யோசித்தார். தளத்தை மாற்றுவதற்குப் பதில் செருப்பை மாற்றினால் என்ன? அவரே படகில் வழுக்கிக் கடலில் விழுந்தவர். தன் நாய் பனிக்கட்டிமேல் சறுக்காமல் ஓடுவதைப் பார்த்து, அதன் பாதத்தில் இருக்கும் வெடிப்புகளைப் போல ரப்பர் அடிப்பாகத்தில் மெல்லிய வளைகோடுகளைக் கீறினார். தண்ணீர் அந்தக் கீறல்களுக்குள் ஒதுங்க, ரப்பர் தளத்தைத் தொட்டது. படகுச் செருப்பு என்று இன்று மால்களில் விற்பது அதன் வாரிசு.

*

இனிமேல்தான் நம் அண்ணாச்சியைப் போன்றவர்கள் கதைக்குள் வருகிறார்கள்.

இரண்டாம் உலகப்போரை ஒட்டி, தண்ணீருக்கு அசையாத செயற்கைப் பசைகள் வந்தன. 1946-ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனி அரால்டைட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் வீடுகளில் உடைந்த கோப்பைப் பிடியை ஒட்டுகிற அதே அரால்டைட், எபாக்சி குடும்பம்தான். நல்ல பசை வந்ததால் பிளைவுட் கடலுக்குப் போனது. பிளைவுட் வந்ததால் தச்சுவேலை தெரியாதவனும் படகு கட்டலாம் என்றாயிற்று.

1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 'டெய்லி மிரர்' பத்திரிகையின் ஆதரவில் 'மிரர்' என்ற சின்னப் படகு வந்தது. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், தொலைக்காட்சியில் வீட்டுவேலை சொல்லிக் கொடுத்துப் பிரபலமான பேரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கியது. பிளைவுட் துண்டுகளைத் துணி தைப்பது போலச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின்மேல் கண்ணாடி இழை நாடாவும் பிசினும் வைத்து ஒட்ட வேண்டியதுதான். விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். வாத்தியார், குமாஸ்தா, மெக்கானிக் எல்லாரும் வீட்டில் கட்டினார்கள். எழுபதாயிரம் படகு வரை உருவானது. 1969-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் பே சிட்டியில் கூஜன் சகோதரர்கள், மரத்தை எபாக்சியால் ஒட்டுவது மட்டுமின்றி முழுவதுமாக மூடிவிடும் முறையை வளர்த்தெடுத்தார்கள். மரத்துக்குள் ஈரமே போகாது. அண்ணாச்சியின் பேழை அந்த வழியில் வந்ததுதான்.

சரி, இதில் என்ன குறை? மரத்தை எபாக்சியால் மூடிய அன்று அதன் வாயையும் மூடிவிட்டோம். நார் இல்லை, நெசவு இல்லை, ரேகை இல்லை. எபாக்சிமேல் பளபளவென்று பெயின்ட் அடித்த தளம், மழை பெய்தால் சோப்பு தேய்த்த குளியலறைதான். கம்பெனியில் அச்சில் வார்க்கிற ஃபைபர் படகுக்கு அச்சிலேயே வைர வடிவக் கட்டங்கள் கொத்தியிருப்பார்கள். தளம் சொரசொரப்போடுதான் பிறக்கும். வீட்டில் கட்டுகிறவனுக்கு அச்சு இல்லை. படகு முடிந்து, பணமும் முடிந்து, பொறுமையும் முடிந்த பிறகு சொரசொரப்பைத் தனியாக ஏற்ற வேண்டும். அதனால்தான் அது எல்லார் நோட்டிலும் கடைசி வரியாகிவிடுகிறது.

பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. பாரசீக வளைகுடாவுக்கும் பம்பாய்க்கும் ஓடிய கப்பல்களில் வேலை பார்த்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற இளம் அதிகாரி, சொந்தக் காசில் பம்பாய் கொலாபாவில் ஒரு படகு கட்டச் சொன்னார். இந்தியத் தேக்கு, கையுளி, வாய்ச்சி. 1964 டிசம்பரில் 'சுஹைலி' தண்ணீரில் இறங்கியது. அந்த முப்பத்திரண்டடிப் படகில்தான் அவர் 1968 ஜூனில் கிளம்பி, எங்கும் நிற்காமல், தனி ஆளாக 312 நாளில் உலகைச் சுற்றி 1969 ஏப்ரலில் கரை சேர்ந்தார். அப்படிச் செய்த முதல் மனிதர். சுஹைலியின் மறுபிரதியாக 'துரியா' கட்டப்பட்டது இங்கே கோவாவில், மாண்டோவி ஆற்றுத் தீவான திவாரில் இருக்கும் அதே அக்வேரியஸ் தளத்தில். அபிலாஷ் டோமி 2012-13-ல் தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றிய 'மாதேய்' படகும் அங்கே பிறந்ததுதான். துரியாவில் 2018-ல் போனபோது தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் படகு புரண்டு, முதுகெலும்பில் அடிபட்டு, அவர் மீட்கப்பட்டார். அது புயல் செய்த வேலை, தளத்தின் மேல் குற்றமில்லை. ஆனால் தனியாகப் போகிற ஒருவருக்குத் தளத்தில் ஒரு அடி சறுக்கினால் கை கொடுக்க யாரும் இல்லை என்பது மட்டும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

இந்த விஷயத்தில் விலை பார்க்காதவர்கள் என்றால் விமானந்தாங்கிக் கப்பல்காரர்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் பல விமானந்தாங்கிகளுக்கு ஓடுதளம் மரப்பலகைதான். ஜெட் விமானங்களின் காலத்தில் எஃகுத் தளம் நிலைத்தது. ஈர எஃகில் விமானமே சறுக்கும், மனிதன் எம்மாத்திரம்? எபாக்சியில் அலுமினியம் ஆக்சைடு குருணையைக் கலந்து, உருளையால் வரப்பு வரப்பாக உருட்டி விடுகிறார்கள். உப்புத்தாளைவிடப் பல மடங்கு முரடு. டயரும் கொக்கியும் அதைத் தேய்த்துத் தள்ளும். பயணம் முடிந்து வந்ததும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுவார்கள். அவர்களுக்கும் அம்மி கொத்துகிறவர் தேவைப்படுகிறார்.

*

இப்போது நான் சொல்லாமல் வைத்ததைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கொங்கணக் கரையில் ஒரு கிளையில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனவர் ஒருவர் தளம் வைத்த படகுக்குக் கடன் கேட்டு வந்தார். நல்ல மனிதர், நல்ல கணக்கு. மதிப்பீட்டுத் தாளில் எல்லாம் சரியாக இருந்தது. மொத்தம் மட்டும் கிளையின் அதிகார வரம்பைக் கொஞ்சம் தாண்டியது. மேலே அனுப்பினால் ஒரு மாதம் இழுக்கும். மீன்பிடிக் காலம் தொடங்கிவிடும். அவருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு தாளில் பென்சிலோடு இறங்கினேன். எஞ்சினை வெட்ட முடியாது. வலையை வெட்ட முடியாது. ஐஸ் பெட்டியை வெட்ட முடியாது. கடைசி வரியில் தளத்துக்கு வழுக்காத பூச்சு, 11,000 ரூபாய். 'பூச்சுவேலை, அத்தியாவசியமில்லை' என்று ஓரத்தில் எழுதி அடித்தேன். மொத்தம் வரம்புக்குள் வந்தது. அன்றே ஒப்புதல். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிந்து கடல் திறந்த வாரத்தில், விடிவதற்கு முன், வலை இழுக்கும்போது அவருடைய தம்பி ஈரத் தளத்தில் சறுக்கினான். கால் வலை இழுக்கும் இயந்திரத்துக்கும் படகின் பக்கத்துக்கும் நடுவில் மாட்டித் தொடை எலும்பு முறிந்தது. இருபத்து மூன்று வயது. உயிருக்கு ஆபத்தில்லை. கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. தவணை கட்ட வந்தபோது அண்ணன்காரர் என்னிடம் இதைச் சொன்னார். குற்றம் சொல்லவில்லை. கடலில் இதெல்லாம் சகஜம் என்றார். நான் அடித்த வரி அவருக்கு ஞாபகமே இல்லை என்று நினைக்கிறேன். எனக்கு இருந்தது. அந்தக் கடன் ஒரு தவணைகூடத் தவறாமல், காலத்துக்கு முன்பே அடைந்தது. என் பணிப் பதிவில் அது நல்ல கடன். மாற்றலாகி வந்த ஊர்களிலெல்லாம் அந்தப் பென்சில் கோடு கூடவே வந்தது.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி தம்பி, எதப் பூசலாம்னு பாப்போம்" என்றார்.

*

எதைப் பூசுவது? நாங்கள் அலசியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

மணல் மலிவு. ஆனால் கடற்கரை மணல் கூடாது. அதில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துப் பெயின்ட்டைக் கொப்புளிக்க வைக்கும். மணியும் அலை உருட்டி உருண்டையாகியிருக்கும். ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்துச் சலிக்க வேண்டும். அலுமினியம் ஆக்சைடு பிடிமானத்தில் ராஜா. ஆனால் சின்னப் படகில் முட்டி போடவும் உட்காரவும் வேண்டும், தோலும் பேன்ட்டும் மிஞ்சாது. வால்நட் ஓட்டுத் தூள் மென்மையானது. மேல் பூச்சு தேய்ந்தால் தண்ணீர் குடிக்கும். பிளாஸ்டிக் மணிகள் காலுக்கு இதம், சமமான அளவு. நியூசிலாந்தில் உருவான கிவி கிரிப் போன்ற கூழ்ப் பூச்சுகளில் குருணையே கிடையாது. கெட்டியான அக்ரிலிக்கைச் சுருள் நாருள்ள உருளையால் இழுத்து முள்முள்ளாக எழுப்புகிறார்கள். தேய்ந்தால் மேலேயே மறுபடி உருட்டலாம். கார்க்கும் ரப்பரும் கலந்த தகடுகளை ஒட்டிக்கொள்வதும் உண்டு. பிடிமானம் அபாரம், விலையும் கனமும் அதிகம்.

எனக்கு மிகவும் பிடித்தது சர்க்கரை வைத்தியம். ஈர எபாக்சிமேல் சர்க்கரையைத் தூவிக் காயவிட்டு, வெந்நீர் விட்டால் சர்க்கரை கரைந்து ஓடிவிடும். அது இருந்த இடமெல்லாம் குழி. தூவியது போய்விட, அதன் தடம்தான் பிடிமானம். (எறும்பு பற்றி அண்ணாச்சி ரொம்ப யோசித்தார். கோவா எறும்புகள் அப்படி.)

கடைசியில் இரண்டு கலவைப் பாலியூரித்தேன் பெயின்ட்டும் பிளாஸ்டிக் மணியும் என்று முடிவானது. எபாக்சி காய்ந்ததும் மேலே மெழுகு போல ஒரு பிசுக்கு வரும். அதைத் தண்ணீரும் நார்த் துண்டும் வைத்துக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் பிசுக்கைத் தேய்த்து உள்ளே அனுப்புவதாகிவிடும். பூச்சு பின்னால் தோலாக உரியும். கழுவி, 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு சாகும்வரை தேய்த்தோம். ஓரங்களிலும் கொளுவிகளைச் சுற்றியும் இரண்டு விரல் அகலம் வழவழப்பாகவே விட்டோம். தண்ணீர் ஓட வழி வேண்டும், பூச்சின் விளிம்பு உரியாமல் இருக்க வேண்டும். டேப் ஒட்டும்போது மூலைகளைக் கூராக விடாமல் டம்ளர் வைத்து வட்டமாக வெட்டினோம். கூர்மூலைதான் முதலில் கிளம்பும். நிறம் வெளிர் சாம்பல். சுத்த வெள்ளை கண்ணைக் கூசும், கருநிறம் நம் வெயிலில் உள்ளங்காலைச் சுடும். பாலியூரித்தேனின் புகை நுரையீரலுக்கு ஆகாது. சாதா முகக்கவசம் போதாது, ரசாயன வடிகட்டி வைத்தது வேண்டும்.

மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலையில் வேலை. வெயில் ஏறினால் பெயின்ட் தூவுவதற்குள் காய்ந்துவிடும். அண்ணாச்சி உருட்ட, நான் மணி தூவினேன். ஒரு இடத்தில் குவியல், ஒரு இடத்தில் வழுக்கை. வேடிக்கை பார்க்க வந்த என் வீட்டம்மா, மதினி தேடிக் கொடுத்த இன்னொரு முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். இருபது வருஷமாக ஊர் ஊராக மாறினாலும் வாசலில் தினமும் மாக்கோலம் போட்ட கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசின உரசலில் மணிகள் மழைத்தூறல் போலச் சமமாக விழுந்தன. அண்ணாச்சி உருளையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "நாப்பது வருசம் கப்பல்ல இருந்தேன், இப்படி ஒரு கையப் பாக்கல தாயி" என்றார்.

ஒரு வாரம் கழித்து, மேல் கோட்டும் இறுகிய பிறகு, அண்ணாச்சி தளத்தில் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டினார். "ஏறுங்க தம்பி, வெறுங்காலோட." ஏறினேன். படகு கொல்லையில் கட்டைமேல்தான் நிற்கிறது, கடலைப் பார்க்க இன்னும் ஆறு மாதம் ஆகும். இருந்தாலும் காலை அழுத்தி, திருகி, கொஞ்சம் குதித்தும் பார்த்தேன். நகரவில்லை. அந்தப் பையனின் முகம் எனக்கு ஞாபகமில்லை, பார்த்ததே இல்லை. ஆனாலும் அவன் நினைவுதான் வந்தது.

கீழே இறங்கி அண்ணாச்சியின் நோட்டை வாங்கி, செலவுக்குப் பக்கத்தில் தேய்மானக் கணக்கு ஒன்று தொடங்கினேன். நாலு வருஷம் கழித்து ஒரு தேதி போட்டேன். எதிரே 'அம்மி கொத்த வேண்டும்' என்று எழுதினேன். அது எதற்கு என்று மதினிக்குப் புரியவில்லை. அண்ணாச்சிக்குப் புரிந்தது.